மனப்பாரம் இறக்கும் பேனா!

சிவகாசியில் பட்டாசு மட்டுமா தயாராகிறது? டைரியும் காலண்டரும் நோட்டுப் புத்தகமும் அங்கே அச்சாகி நாடெங்கும் போகின்றன.

அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் நோட்டில் என்ன எழுதுகிறார்கள்?

கல்லூரியில் கட்டுரை எழுதச் சொன்னால், பலர் கைடைத் தேடுகிறார்கள். மனப்பாடம் செய்து அப்படியே எழுதுகிறார்கள். மார்க்கு கிடைக்கிறது. ஆனால் சொந்தக் கதை ஒரு வரி கூட இல்லை.

கதைக்கா பஞ்சம்? 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் மறுபடியும் வெடி விபத்து. தாய் ஆலைக்குப் போனால், திரும்பும் வரை பிள்ளையின் வயிற்றில் நெருப்பு. அந்தப் பயத்தை அது யாரிடம் சொல்லும்?

தினம் 15 நிமிடம்

அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் ஒரு சோதனை நடத்தினார். முடிவு 1986-ம் ஆண்டு வெளிவந்தது.

கல்லூரி மாணவர்கள் 4 நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். சிலர் தங்கள் வாழ்வின் பெருந்துயரை எழுதினார்கள். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள்.

துயரை எழுதியவர்களுக்கு அன்று மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும், பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த 6 மாதத்தில் வைத்தியரிடம் போனது குறைவு!

பிறகு நூற்றுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிகள் நடந்தன. எல்லோருக்கும் பலன் கிடைக்கவில்லை. மொத்தத்தில் பலன் உண்டு. ஆனால் அது சிறியது.

புதுப்பட்டிப் பெண்

அமெரிக்கா வரை போவானேன்? விருதுநகர் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு.

வத்திராயிருப்பு அருகே உள்ள புதுப்பட்டியில் பிறந்தவர் எழுத்தாளர் பாமா. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண். ஆசிரியையாக இருந்து கன்னியாஸ்திரீ ஆனார். மடத்திலும் சாதி வேற்றுமையைக் கண்டு மனம் நொந்தார். 1992-ல் வெளியேறினார்.

மனம் நிறையக் காயம். நண்பர் ஒருவர் எழுதச் சொன்னார். ஊர்ப் பேச்சிலேயே தன் கதையை எழுதினார். அதுதான் "கருக்கு". கருக்கு என்றால் பனை மட்டையின் கூரிய பல் விளிம்பு. மனப்புண் ஆறவே எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். இன்று அந்த நூல் கல்லூரிகளில் பாடம்!

ஆசிரியர் கவனத்துக்கு

கட்டுரை வகுப்பில் வாரம் 15 நிமிடம் ஒதுக்கினால் போதும். அந்தப் பக்கத்துக்கு மார்க்கு வேண்டாம். சிவப்பு மையும் வேண்டாம். இலக்கணத்தை மறுநாள் பார்க்கலாம். காட்ட விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. எழுதும்போது துக்கம் தாங்காவிட்டால் நிறுத்திவிடலாம்.

எழுத்து, வைத்தியத்துக்கு மாற்று அல்ல. தூக்கம் கெட்டால், உயிரை வெறுத்தால், வைத்தியரிடம் போக வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 முதல் நடக்கிறது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

வீட்டிலும் எழுதலாம். எழுத்துக் கூட்டி எழுதினாலும் குற்றமில்லை. ஊருக்கெல்லாம் டைரி அனுப்பும் சிவகாசியில், வீட்டுக்கு ஒரு டைரி சொந்த வார்த்தையால் நிறையட்டும்!