பூனையோடுதான் குடியிருப்போம்!

தோழர்களே! ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல், ஷூ தொழிலாளர்களே!

காலமெல்லாம் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்து ஓய்ந்த நம் அக்காமார் லைன் வீடுகளில் தனியே கிடக்கிறார்கள். பிள்ளைகள் பிழைப்பைத் தேடி வெளியூர் போய்விட்டார்கள். பி.எஃப். பென்ஷனின் குறைந்தபட்சம் 2014இல் வைத்த அதே 1,000 ரூபாய். பேச்சுத் துணைக்கு ஒரு பூனை, வாசலில் ஒரு நாட்டு நாய். அதையும் கொண்டுபோய் விடு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி பண்ணு என்கிறார் ஓனர். வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வழியில்லாதவர் என்ன செய்வார்? பிள்ளைபோல வளர்த்ததைப் பாலாற்றங்கரையில் விட்டுவிட்டு அழுதுகொண்டே திரும்புகிறார். இனி ஒருவரும் அப்படித் திரும்பக் கூடாது!

தோலில் பிழைத்தவர்களுக்கு வாயில்லா ஜீவன்மேல் என்ன பாசம் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒருநாள் நம் தெருவுக்கு வந்து பார்க்கட்டும். தான் குடிக்கும் டீயில் பாதிப் பாலைப் பூனைக்கு ஊற்றுகிற பாட்டிகள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு.

குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிகளுக்குத் தடை போடக் கூடாது என்று 2015இல் விலங்குகள் நல வாரியம் சொல்லிவிட்டது. 2021இல் கேரள உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. ஆனால் அதெல்லாம் அடுக்குமாடிக்காரர்களுக்கு. லைன் வீட்டுக்கு ஏது சங்கம்? அங்கே ஓனர் வாய்தான் சட்டம்.

அந்த வாயை அடக்கவும் வழி இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது. வெளியேற்றுவதற்கான காரணங்களில் பிராணி வளர்ப்பு என்று தனியாக ஒன்று இல்லை. ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவர்கள் பாடு ஆபத்து. அதையே காரணமாக்கி வழக்குப் போடலாம். நம் பெரியவர்களில் பலருக்கு வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம்!

அரசு உதவியில் நடக்கும் முதியோர் வாடகைக் குடியிருப்புகளில் செல்லப்பிராணியைத் தடுக்கக் கூடாது என்று அமெரிக்கா 1983இலேயே சட்டம் போட்டது. நமக்கும் அப்படி ஒரு பிரிவு வேண்டும். அறுபது கடந்தவர்களுக்குப் பிராணியைக் காட்டி வீடு மறுக்கவோ, காலி செய்யச் சொல்லவோ கூடாது. சேதம் உண்டானால் ஓனர் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும், அது நியாயம். வெறிநோய்த் தடுப்பூசி போட்டுச் சீட்டு வாங்கித் தருவது நம் பொறுப்பு.

வேலூர் மக்கள் போட்ட வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே புது வழி காட்டியது. நம் குரல் கோட்டை வரை எட்டாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒவ்வொரு லைனுக்கும் இருவர் இருவராகக் கிளம்புங்கள். ஒப்பந்தம் இல்லாத பெரியவர்களின் பெயரை எழுதி வாருங்கள். பிராணிக்கு இடமுண்டு என்ற வரியோடு ஒப்பந்தம் எழுதி, ஓனரிடம் கூடவே போய் நில்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் மனுவோடு கூடுவோம், வாருங்கள்!