கட்டிலருகே ஒரு பொத்தான்

உங்கள் வீட்டில் கம்பியில்லா மணி இருக்கிறதா? சுவரைக் குடையாமல், கம்பி இழுக்காமல், கட்டிலருகே ஒட்டிவிட்டுப் போகிறார்களே, அந்த வெள்ளைப் பொத்தானைத்தான் கேட்கிறேன். இருந்தால், இதைப் படித்து முடித்த கையோடு எழுந்துபோய் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ஏன் என்கிறீர்களா? ஸ்ரீரங்கத்தில் என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன்.

பெரியம்மாவுக்கு வயது 78. பிள்ளை வெளிநாட்டில். அம்மா தனியாக இருக்கிறாளே என்று, போன தடவை வந்தபோது வீடு முழுவதும் சின்னச் சின்னக் கருவிகளை ஒட்டிவிட்டுப் போனான். வாசல் கதவு திறந்தால் சொல்லுவதற்கு ஒன்று. கொல்லைப்புறம் நடந்தால் தானாக விளக்குப் போடுவதற்கு ஒன்று. உடம்புக்கு ஏதாவது என்றால் அழுத்துவதற்குக் கட்டிலருகே ஒரு பொத்தான். அழுத்தினால் அடுத்த வீட்டு மாமியின் செல்போன் அலறும்.

ஒருநாள் நடுநிசியில் பெரியம்மாவுக்குத் தலை சுற்றியது. பொத்தானை அழுத்தினாள். சத்தமே இல்லை. மறுபடியும் அழுத்தினாள். ஊஹூம்! கடைசியில், தலைமாட்டில் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்துப் பக்கத்து வீட்டுச் சுவரில் 'ணங், ணங்' என்று தட்டினாள். மாமி ஓடி வந்தாள். நல்ல வேளை, பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் விஞ்ஞானம் கைவிட்ட இடத்தில் சொம்பு அல்லவா காப்பாற்றியது!

செய்தி கேட்டு நான் போனேன். பகலில் அந்தப் பொத்தானை இருபது தடவை அழுத்தியிருப்பேன். இருபது தடவையும் அது சமர்த்தாக வேலை செய்தது. "உன்னைக் கண்டால் அதுக்குப் பயம் போலிருக்குடி!" என்றாள் பெரியம்மா.

பாட்டரிதான் பலவீனம் என்று தீர்மானித்து, கறிகாயும் வாங்கின மாதிரி இருக்கட்டும் என்று பஸ் பிடித்துக் காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே ஒரு மின்சாரச் சாமான் கடையில், 2032 என்ற எண் போட்ட காசு போன்ற பாட்டரியை எடுத்துக் கொடுத்தார்கள். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம்.

காசை வாங்கிக்கொண்டே கடைக்காரர் கேட்டார்: "ஏம்மா, மணி எந்த நேரத்திலே அடிக்கலே?"

"ராத்திரியில்."

"பகல்லே?"

"ஒழுங்காக அடிக்கிறது."

"அப்போ பாட்டரியை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. ராத்திரியானா வீட்டிலே என்ன மாறுதுன்னு பாருங்க."

யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். எதிரே லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறி, அது கடைக்குள் போய்ச் சேர்ந்தது. எனக்குப் பளிச்சென்று ஒன்று விளங்கிற்று.

சுவரைத் தாண்டி மணியடிப்பது புது வித்தை அல்ல. 1890-களிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கம்பியில்லா அலையைக் கொண்டு தூரத்தில் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். ஆனால் நம் பொத்தானின் குரல் மிக மெல்லியது. காசளவு பாட்டரியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்த வேண்டுமே! அதனால் இந்த ரகத்தில் பலவற்றுக்கு 'ஜிக்பீ' என்னும் ஏற்பாடு. தேனீயின் நடனத்தை நினைத்து வைத்த பெயர். எட்ட இருக்கும் தலைமைப் பெட்டிக்கு எட்டாவிட்டால், பொத்தான் அருகிலுள்ள பிளக்கிடம் சொல்லும். பிளக் பெட்டியிடம் சொல்லும். மின்சாரத்தில் ஓடும் பிளக், பல்பு போன்றவைதாம் இப்படித் தோள் கொடுக்கும். பாட்டரியில் ஓடுபவை கொடுக்கா. நடுவில் தோள் விலகினால் மூட்டை தரையில்தான்!

அன்றிரவு புது பாட்டரியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரை மணிக்குப் பெரியம்மா எழுந்தாள். வாசல் கதவைத் தாழிட்டாள். கூடத்துக்குப் போய், சிவப்புப் பொட்டு மின்னிக்கொண்டிருந்த பிளக்கின் சுவிட்சைப் 'பட்'டென்று அணைத்தாள்.

"என்ன பெரியம்மா இது?"

"ராத்திரி பூரா அது எதுக்குடி வீணா எரியணும்?"

ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினேன். சத்தம் இல்லை. சுவிட்சைப் போட்டேன். சிறிது நேரம் பொறுத்து மறுபடி அழுத்தினேன். அடுத்த வீட்டில் செல்போன் அலறியது!

பெரியம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிக்கனம் அவள் கூடப் பிறந்தது. அந்தச் சிவப்புப் பொட்டுத்தான் தன் குரலைச் சுமந்துபோகிறது என்று யாராவது அவளிடம் சொன்னார்களா? வீட்டில் இருப்பவளுக்குச் சொல்லாமல் வீட்டை மட்டும் புத்திசாலியாக்கி என்ன பிரயோஜனம்?

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பொத்தான் முரண்டு பிடித்தால், கடைக்காரர் கேட்ட கேள்வியை முதலில் கேளுங்கள்: எப்போது?

ராத்திரியில் மட்டும் என்றால், யார் எந்தச் சுவிட்சை அணைக்கிறார்கள் என்று பாருங்கள். மின்வெட்டுக்குப் பிறகு என்றால், தலைமைப் பெட்டியையும் தோள் கொடுக்கும் பிளக்கையும் இன்வெர்ட்டரில் சேருங்கள். சமையல் நேரத்தில் என்றால், மைக்ரோவேவ் அடுப்பைச் சந்தேகியுங்கள். அதுவும், வைஃபையும், ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே சந்தையில் கூச்சல் போடுகின்றன. தலைமைப் பெட்டியை வைஃபைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைக்காமல், இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். இரும்பு பீரோவின் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். மழைக்காலத்தில் வாசல் கதவு மூடியிருந்தும் 'திறந்திருக்கிறது' என்று செய்தி வந்தால், கதவு உப்பியிருக்கும். காந்தத் துண்டு விலகியிருக்கும்.

எந்நேரமும் என்றால், பாட்டரியை மாற்றுங்கள். லிதியம் பாட்டரி கடைசி வரையில் தெம்பாக இருப்பதுபோல் காட்டிவிட்டுத் திடீரென்று படுத்துவிடும். செல்போனில் தெரியும் சதவீதத்தை முழுக்க நம்ப வேண்டாம். பழைய பாட்டரியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பெரியம்மா வீட்டுக் கூடத்துச் சுவிட்சின் மேல் இப்போது 'அணைக்காதே' என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு படுக்கப் போகுமுன் பெரியம்மா பொத்தானை ஒரு தடவை அழுத்துகிறாள். "கேட்டது!" என்று மாமி சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுக்கிறாள்.

சொம்பை மட்டும் தலைமாட்டிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை!