கம்பத்தில் கம்போ இல்லை

கம்பத்தில் புதிதாக ஓர் ஓட்டல் திறந்திருக்கிறார்கள். ஏ.சி., மங்கலான விளக்கு, சுவரில் இறாலுக்கும் நண்டுக்கும் பிறந்த மாதிரி ஒரு சிவப்பு ஜந்து. வாசலில் 'ஒரிஜினல் கேஜன் சுவை' என்று போர்டு. பெயர் வேண்டாம், முதலாளி நல்ல மனுஷன்.

சொந்தக்காரப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மெனு கார்டைப் பார்த்துவிட்டு, "காஜுன்னா முந்திரிப் பருப்புதானப்பா? அதை எதுக்குக் கோழியில போடுறான்?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம்.

முதலில் ஏழு குட்டி உருளைக்கிழங்கு வந்தது. பொரித்து, நசுக்கி, மேலே ஆரஞ்சு கலரில் மயோனைஸ் ஊற்றியிருந்தார்கள். 240 ரூபாய். அடுத்து கோழி. பூண்டுத்தூள், வெங்காயத்தூள், மிளகாய்த்தூள் கலந்த ஒரு பாக்கெட் பொடியைத் தூவிச் சுட்டது. பெரியவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்: "எல்லாம் வெஞ்சனமாவே வருது. சோறு எப்பப்பா வரும்?"

நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அந்த ஓட்டலிலேயே கேஜன் சமையலைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருத்தர்தான். கேஜன் சாப்பாட்டுக்கு அடிப்படையே சோறுதான் ஐயா!

கதையைக் கேளுங்கள். கனடாவின் கிழக்குக் கரையில் அக்கேடியா என்று ஒரு பகுதி. பிரெஞ்சு பேசும் குடியானவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். பிரிட்டிஷ் ராஜாவுக்கு நிபந்தனை இல்லாமல் விசுவாசப் பிரமாணம் எடு என்றார்கள், இவர்கள் மாட்டேன் என்றார்கள். 1755-ல் வீடுகளைக் கொளுத்தி, ஜனங்களைக் கப்பலில் ஏற்றித் துரத்தினார்கள். எங்கெங்கோ அலைந்து, அதில் ஒரு கூட்டம் அமெரிக்காவின் தெற்கே லூசியானா சதுப்புநிலத்தில் வந்து ஒதுங்கியது. 'அக்கேடியன்' என்ற வார்த்தை வாயில் தேய்ந்து தேய்ந்துதான் 'கேஜன்' ஆனது.

போன இடத்தில் என்ன கிடைத்ததோ அதைச் சமைத்தார்கள். நெல் விளைந்தது, சோறு பொங்கினார்கள். சேற்றில் கிராஃபிஷ் கிடைத்தது. சுவரில் இருந்த ஜந்து அதுதான். இன்றைக்கும் அங்கே நெல் அறுத்த வயலில் தண்ணீர் கட்டி அதை வளர்க்கிறார்கள், நம்மூர் வயல் நண்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களிடமிருந்து வெண்டைக்காயை வாங்கிக் குழம்பில் போட்டார்கள். அந்தக் குழம்புக்கு 'கம்போ' என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காய்க்கு இருந்த பெயரிலிருந்து வந்த சொல் என்கிறார்கள்.

இந்தச் சாப்பாட்டைப் பட்டிக்காட்டான் சாப்பாடு என்று ரொம்ப நாள் கேலி செய்தார்கள். 1921-ல் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில்தான் பாடம் என்று லூசியானாவில் சட்டமே வந்தது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. பிறகு 1980-களில் பால் ப்ரூதோம் என்ற கேஜன் சமையல்காரர் மசாலா தடவி மீனைக் கருக வறுத்துக் கொடுத்தார். அமெரிக்காவே அந்த மீனுக்குப் பறந்தது. பறந்த வேகத்தில் கடலில் மீன் குறைந்து, பிடிக்கவே தடை போட வேண்டி வந்தது. அந்த மோகத்தோடு மசாலாப் பொடியும் உலகம் சுற்றி, இப்போது கம்பத்துக்கு வந்திருக்கிறது. பொடி மட்டும். சோறு வரவில்லை, வெண்டைக்காய் வரவில்லை. கம்பத்தில் கம்போ இல்லை!

தாகத்துக்கு திராட்சை ஜூஸ் கேட்டேன்.

"புளூ லகூன் இருக்குண்ணே, மின்ட் மொஜிட்டோ இருக்குண்ணே. திராட்சை ஜூஸெல்லாம் ரோட்டுக் கடையிலதாண்ணே கிடைக்கும்" என்றான் பரிமாறிய தம்பி. எந்த ஊர் என்று கேட்டேன். காமயகவுண்டன்பட்டி. வீட்டில் திராட்சைப் பந்தல் இருக்கிறதாம்!

எனக்கு வயிறு எரிந்தது அங்கேதான். மசாலாவால் இல்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். மற்ற ஊர்களில் சீசன் பார்த்துக் காய்க்கிற பழம், இங்கே வருஷம் பூரா அறுவடை. அதை விளைவிக்கிற வீட்டுப் பையன், நீலக் கலர் சிரப்பைக் கலக்கி நமக்குக் கொண்டுவந்து வைக்கிறான். நாமும் குடிக்கிறோம்.

'புதுசா ஒண்ணு வந்தா உனக்குப் பொறுக்காதா?' என்று கேட்பீர்கள். பொறுக்கும். மிளகாய் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. பன்னீர் திராட்சையே 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலம் தமிழ்நாட்டுக்கு வந்தது என்கிறார்கள். வந்தவை இந்த மண்ணில் வேர் பிடித்தன. பாக்கெட் பொடி எங்கே வேர் பிடிக்கும்?

முதலாளியிடமே கேட்டுவிட்டேன். "சார், மொச்சைக் குழம்பும் கருவாடும் வச்சா எவன் சார் ஏ.சி.யில வந்து உட்காருவான்? வீட்டுலயே இருக்கேம்பாங்க" என்றார். அவர்மேல் தப்பில்லை. தப்பு நம்மேல். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நம் வீட்டில் கேப்பைக் களியும் அயிரை மீன் குழம்பும் வைப்போமா? மாட்டோம். வெட்கம். தேக்கடிக்குப் போகிற வெளியூர்க்காரர் காரை நிறுத்தி, "இந்த ஊர்ல என்னங்க ஸ்பெஷல்?" என்று கேட்டால் இந்த ஏ.சி. ஓட்டலுக்குத்தான் கை காட்டுவோம்.

1895-ல் பெரியாறு அணை திறந்து தண்ணீர் வந்தது. அதிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு சோற்றுக்குப் பெயர் போன பூமி. விடிகாலையில் கம்பம்மெட்டு ரோட்டில் நின்று பாருங்கள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிற பெண்களின் மடியில் தூக்குவாளி இருக்கும். அதற்குள் சோறு, கருவாட்டுக் குழம்பு, வதக்கின வெண்டைக்காய். பிழைக்கப் போன இடத்தில் கேஜன்காரர்கள் பொங்கித் தின்றதும் இதுமாதிரி சாப்பாடுதான். ஒன்றுக்கு மெனு கார்டில் இடம் இருக்கிறது, மற்றதற்கு ஜீப்பில்கூட இடம் இல்லை.

நீங்கள் அந்த ஓட்டலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உருளைக்கிழங்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு பன்னீர் திராட்சை ஜூஸ் கேளுங்கள். இல்லை என்றால், 'அப்ப பச்சைத் தண்ணி போதும்ப்பா' என்று சொல்லுங்கள். தினம் பத்து டேபிளில் இப்படிச் சொன்னால், பதினோராம் நாள் முதலாளியே அவன் வீட்டுப் பந்தலுக்கு ஆள் அனுப்புவார்.

பெரியவர் வீடு திரும்பியதும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரசம் மிச்சம் இருந்தது.