பில்டிங் க்ரீன் தான், உள்ள இருக்கிற காத்து?

க்ரீன் பில்டிங்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வருது? மாடியில் சோலார் பேனல், எல்இடி லைட், வாசலில் ஒரு சர்டிஃபிகேட். உள்ளே இருப்பவர்கள் எந்தக் காற்றை சுவாசிக்கிறார்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்கணும் என்பதுதான் என் கருத்து.

கரன்ட்டை மிச்சம் பிடிக்க கட்டடத்தை இறுக்கி மூடினால் என்ன ஆகும்னு அமெரிக்கா ஏற்கனவே பார்த்துவிட்டது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வெளிக்காற்றைக் குறைத்தார்கள். 1981 ஆஷ்ரே தரநிலைப்படி, புகைபிடிக்காத ஆபீஸில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும். அந்தக் காலத்தில்தான் தலைவலி, கண் எரிச்சல், சோர்வு என்று புகார்கள் குவிந்து, 'சிக் பில்டிங் சிண்ட்ரோம்' என்ற பெயரே வந்தது. 1989-ல் அதே ஆஷ்ரே ஆபீஸுக்கான அளவை 20 ஆக்கியது. நாலு மடங்கு!

2015-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 24 பேரை வெவ்வேறு காற்றுச் சூழலில் வேலை செய்ய வைத்தார்கள். சாதாரண ஆபீஸ் காற்றைவிட க்ரீன் பில்டிங் காற்றில் சிந்தனைத் திறன் மதிப்பெண் 61% அதிகம். வெளிக்காற்றையும் கூட்டியபோது 101% அதிகம். சின்ன ஆய்வு தான், ஆனாலும் யோசிக்க வைக்குது.

இப்போ நம்ம ஏசி கிளாஸ்ரூமுக்கு வருவோம். 60 பேர், மூடின ஜன்னல், ஸ்ப்ளிட் ஏசி. அது அதே காற்றைத்தான் திரும்பத் திரும்ப குளிராக்குது. அதில் இருக்கும் வலை பெரிய தூசியைப் பிடிக்கும், பி.எம் 2.5 துகளை விட்டுவிடும். ஜன்னலைத் திறந்தால் ரோட்டுப் புகை. அதனால் வெளிக்காற்றும் வேணும், அது மெர்வ் 13 மாதிரி நல்ல ஃபில்டர் வழியாகவும் வரணும்.

மணி பிளான்ட் வைத்தால் போதாதா? போதாது. கட்டடத்தின் சாதாரண காற்றோட்டத்துக்கு ஈடாக, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேணும்னு 2019-ல் வந்த ஒரு ஆய்வு சொல்லுது. அப்புறம் நாம எங்க உட்கார்றது?

கரன்ட் பில் ஏறும் என்பது நியாயமான கவலை. ஆனால் வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் ஈஆர்வி யூனிட்கள் இருக்கு. அதற்கு முன், ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் மாட்டலாம். வெளியே சுமார் 420 பிபிஎம் இருக்கும். உள்ளே 1000-ஐத் தாண்டினால் வெளிக்காற்று பத்தலைன்னு அர்த்தம்.

ஜூனியர்ஸ், ப்ராஜெக்ட் டாபிக் தேடுறீங்களா? இதையே எடுங்க. ஒரு வாரம் அளந்து, அந்த கிராஃபை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்க. மீதியை மேனேஜ்மென்ட்டிடம் கேட்போம்.