ஒரு தொன் எவ்வளவு?

“ஒரு தொன் எவ்வளவு?” என்று வீட்டிலுள்ள முதியவரைக் கேட்டால், “20 அந்தர்” என்று தயங்காது விடை பகர்வார், அதாவது 2,240 இறாத்தல். பள்ளி மாணவரோ “1,000 கிலோகிராம்” என்பர். இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு ஏறத்தாழ 16 கிலோகிராம் மாத்திரமே. இருவரும் நிறையையே கருதினர். ஆயின், பொறியியலார் வழங்கும் தொன் யாவும் நிறையைக் குறிப்பன அல்ல.

இச்சொல்லின் மூலம் பெரிய மதுப் பீப்பாய் ஒன்றன் ஆங்கிலப் பெயராகும். எத்தனை பீப்பாய் ஏற்றலாம் என்பதைக் கொண்டே முற்காலத்தில் மேனாட்டார் கப்பலின் பருமையை மதித்தனர். அவ்வழக்கு வளர்ந்து, கப்பலின் உள்ளிடத்தில் 100 கன அடி ஒரு தொன் எனப்பட்டது. 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலை ஏறத்தாழ 46,300 தொன் என்று ஒரு நூல் கூறும். 52,300 தொன் என்று மற்றொரு நூல் கூறும். இரண்டும் சரியே. முன்னது உள்ளிடத்தின் அளவு. பின்னது கப்பல் விலக்கிய நீரின் நிறை. 1969 ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்பாட்டின்பின் கணக்கிடும் முறை மாறியது. எனினும், கப்பலின் மொத்தத் தொன்னளவு இன்றும் இடத்தையே சார்ந்தது. 5,000 என்று குறித்த கப்பலில் 5,000 தொன் சரக்கேற்றலாம் எனக் கருதுதல் பெருந்தவறு.

குளிரூட்டற் பொறியியலாரின் தொன்னோ நிறையுமன்று, இடமுமன்று; வெப்பத்தை அகற்றும் வீதம். குளிரூட்டும் பொறிகள் தோன்றுமுன் அமெரிக்காவில் பனிக்கட்டியே அத்தொழிலைச் செய்தது. 2,000 இறாத்தல் கொண்ட அமெரிக்கத் தொன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உட்கொள்ளும் வெப்பத்தை, அதே நேரத்தில் அகற்றவல்லது “ஒரு தொன்” பொறி. அது ஏறக்குறைய 3.5 கிலோவாற்று ஆகும்.

வீட்டுக்குக் குளிரூட்டி வாங்குவோர் இதனை அறிந்திருத்தல் நன்று. 3.5 கிலோவாற்று என்பது அறையிலிருந்து அகற்றப்படும் வெப்பமேயன்றிச் செலவாகும் மின்சாரமன்று. மின்செலவு பொதுவாக அதில் மூன்றிலொரு பங்களவே. மாதக் கட்டணத்தை மதிப்பிட விரும்புவோர் “தொன்” என்ற சொல்லை விடுத்து, பொறியின் தகட்டில் மின்வலுவுக்கெனக் குறித்த எண்ணைப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்க்கும் ஒரு சொல். கணக்கில் தொன்னைக் கண்டவுடன் 1,000 ஆற் பெருக்கத் தொடங்கற்க. பெருக்கல் பிழையின்றி இருப்பினும் விடை பிழையாகலாம். இது நிறையா, இடமா, வெப்பமா என்று முதலில் வினவுக. பின்னர்ப் பேனாவை எடுக்குக.