மூத்தம்மாவப் பத்தி எழுத என்ன இரிக்கி?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுக் கடந்து போனாலும் மனவருத்தமில்லை.

போன கிழமை தரம் 9 பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். நாம் கொடுத்த தலைப்பு 'எனது மூத்தம்மா'. வந்த கொப்பிகள் 32. அதில் 11 கொப்பிகளில் மூத்தம்மாவைக் காணவில்லை, 'பாட்டி' ஒருவர் இருந்தார். எல்லாப் பாட்டிகளும் வெள்ளைச் சேலை உடுத்திருந்தார்கள், சாய்வு நாற்காலியில் இருந்தார்கள், நிலாவைக் காட்டிக் கதை சொன்னார்கள். ஒரு கொப்பியில் மட்டும் பாட்டி இன்னும் ஒரு படி மேலே போய், அதிகாலையில் எழுந்து வாசலில் கோலம் போட்டார்.

அந்தப் பிள்ளையின் மூத்தம்மாவை எமக்கு நன்றாகத் தெரியும். சுபஹுத் தொழுதுவிட்டு வரும் வழியில் அவரிடம்தான் இடியப்பம் வாங்குகிறோம். அன்றைக்குக் காலையிலும் வாங்கினோம்.

கூப்பிட்டுக் கேட்டோம்.

"மகன், உங்கட மூத்தம்மா கோலம் போடுறாவா?"

"இல்ல சேர்."

"அப்ப ஏன் இப்படி எழுதின?"

கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "எங்கட மூத்தம்மாவப் பத்தி எழுத என்ன சேர் இரிக்கி?"

(இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். "பேரு போடாதீங்க சேர்" என்றான். போடவில்லை.)

ஆசிரியர் ஓய்வறையில் விஷயத்தைச் சொன்னபோது எல்லோரும் ஒரே குரலில் ஃபோனைத்தான் ஏசினார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது, தலைப்பைப் போட்டால் கட்டுரை கொட்டுகிறது, இனிப் பிள்ளைகள் எழுதவே மாட்டார்கள் என்றார் ஒருவர். இது களவு, களவுக்குரிய தண்டனையைக் கொடுங்கள் என்றார் இன்னொருவர். நாமும் அப்போது தலையாட்டினோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வார்த்தை உறுத்தத் தொடங்கியது. களவு எடுப்பவன் தன்னிடம் இல்லாத ஒன்றை எடுப்பான். இந்தப் பிள்ளையிடம் ஒரு மூத்தம்மா இருக்கிறார். அவரை விட்டுவிட்டு, யாரோ எழுதிய ஒரு பாட்டியை ஏன் எடுத்தான்?

அவனைக் கள்ளன் என்று சொல்ல நமக்கு வாயும் இல்லை. நமது ஊர் வட்சப் குழுமங்களைப் பாருங்கள். மௌலானா ரூமி கனவிலும் சொல்லாத வாசகங்கள் அவர் பெயரில் வருகின்றன. இமாம் ஷாபிஈ பெயரில் வருவதும், அப்துல் கலாம் பெயரில் வருவதும் மாறி மாறி ஒரே வாசகமாக இருக்கும். நமக்குத் தெரிந்த கவிஞர் ஒருவருக்கு அவருடைய கவிதையே பெயரில்லாமல் திரும்பி வந்தது. அனுப்பிய நண்பருக்கு அவர் 'மாஷா அல்லாஹ், அருமை' என்று பதில் போட்டாராம். வேறென்ன செய்வது?

யார் சொன்னது என்பதில் உலகத்திலேயே கறாராக இருந்த ஓர் அறிவு மரபின் பிள்ளைகள் நாம். ஒரு ஹதீஸுக்கு இரண்டு பகுதி. செய்தி மத்ன். அது யார் யார் வாயாக வந்தது என்ற பெயர்ச் சங்கிலி ஸனத். ஹிஜ்ரி 256இல் வபாத்தான இமாம் புகாரியின் தொகுப்பைத் திறந்தால் செய்திக்கு முன்பே பெயர்கள் வரிசையாக வருகின்றன. இவர் அவரைச் சந்தித்தாரா, ஞாபக சக்தி எப்படி, நாணயமானவரா என்று அந்தப் பெயர்களின் வாழ்க்கையை மட்டும் ஆராய அஸ்மாஉர் ரிஜால் என்று ஒரு தனிக் கலையே வளர்ந்தது. இதில் நமக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அறிவிப்பாளர் அந்தச் சொல்லை ஆக்கியவரல்ல. ஒரு எழுத்துக்கூட அவருடையதில்லை. ஆனால் பொறுப்பு அவருடையது. 'நான் கேட்டேன்' என்று சொல்ல அவர் தன் முழு வாழ்க்கையையும் ஈடு வைக்க வேண்டியிருந்தது. ஃபோர்வர்ட் பொத்தானை அழுத்தும் நமது பெருவிரலுக்கு அப்படி எந்த ஈடும் இல்லை.

சரி, அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். அதை யோசிக்கும்போது நமக்கு ஒரு படம் ஞாபகம் வந்தது. சினிமாவா என்று முகம் சுழிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் பாட்டு, ஆட்டம் ஒன்றும் இல்லாத படம்.

ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தமி 1990இல் எடுத்த 'குளோஸ் அப்'. நடந்த கதை. தெஹ்ரானில் ஹுசைன் சப்ஸியான் என்று ஒரு ஏழை. அச்சகத்தில் வேலை செய்தவர், சினிமாப் பித்தர். ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது, மொஹ்சென் மக்மல்பாஃப் என்ற பிரபல இயக்குநரின் 'சைக்கிளிஸ்ட்' படத்தின் திரைக்கதைப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த பெண்மணி புத்தகத்தைப் பற்றி விசாரிக்கிறார். நானே எழுதியது, நான்தான் மக்மல்பாஃப் என்று வாயில் வந்துவிடுகிறது. அவ்வளவுதான். அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போகிறார், வருகிறார். உங்கள் வீட்டில் படம் எடுக்கப்போகிறேன், பிள்ளைகள் நடிக்கலாம் என்கிறார். கொஞ்சம் பணமும் வாங்குகிறார். கடைசியில் சந்தேகம் வந்து, ஒரு பத்திரிகையாளரும் பொலிஸும் வந்து, பிடிபடுகிறார்.

பத்திரிகையில் வந்த செய்தியைப் பார்த்த கியாரொஸ்தமி, நீதிமன்ற அனுமதி பெற்று வழக்கைப் படம்பிடித்தார். பஸ் காட்சியையும் கைதுக் காட்சியையும் சம்பந்தப்பட்டவர்களையே வைத்துத் திரும்ப நடிக்கச் செய்தார். ஏமாற்றியவரும் ஏமாந்தவர்களும் தங்களாகவே நடிக்கிறார்கள்.

படத்தில் சப்ஸியான் பேசுவதைக் கேட்டால் மோசடிக்காரர் என்று சொல்ல மனம் வராது. பணம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த வீட்டில் அவர் சொன்னதைக் கேட்டார்கள், மதித்தார்கள். சப்ஸியான் என்ற பெயரில் ஒருநாளும் கிடைக்காதது அது. தன்னுடைய துன்பத்தை மக்மல்பாஃபின் படத்தில் கண்டவர் அவர். அந்தத் துன்பத்தைச் சொல்லத் தன் பெயர் போதாது, அதைப் படமாக்கியவரின் பெயர்தான் வேண்டும் என்று நினைத்துவிட்டார். 'மூத்தம்மாவப் பத்தி எழுத என்ன சேர் இரிக்கி' என்று கேட்ட பிள்ளைக்கும் இவருக்கும் வித்தியாசம் என்ன? வயதுதான்.

அந்தக் குடும்பம் அவரை மன்னித்தது. அவர் வெளியே வரும் நாளில் உண்மையான மக்மல்பாஃபே அவரைச் சந்திக்க வருகிறார். சப்ஸியான் அழுகிறார். இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில், வழியில் பூ வாங்கிக்கொண்டு, அந்த வீட்டுக்குப் போகிறார்கள். ஒலிவாங்கி கோளாறு என்று இடையிடையே பேச்சு அறுந்து போகிறது. அவர்கள் பேசியது முழுதாக நமக்குக் கேட்காது. கேட்கவும் வேண்டியதில்லை.

இப்னு சீனா ஒரு மனிதனைக் கற்பனை செய்யச் சொல்லுவார். ஆகாயத்தில் அந்தரத்தில் படைக்கப்பட்டவன். கண் தெரியாது, கை கால் ஒன்றோடொன்று படாது. அப்படியிருந்தும் 'நான் இருக்கிறேன்' என்று அவன் அறிவான் என்பது அவர் வாதம். அந்த மேதையோடு முரண்பட நமக்கு அருகதை இல்லை. ஆனால் நமது வகுப்பறையில் இருப்பவர்கள் அந்தரத்தில் மிதக்கவில்லை. 14 வயதுப் பிள்ளைக்குத் தான் இருப்பது தெரியும். தான் இருப்பது பெறுமதியானது என்பதை வேறு யாராவது ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரான்ஸில் 1960களின் கடைசியில் இதற்கு நேரெதிரான பேச்சு எழுந்தது. ரோலான் பார்த் என்பவர் ஆசிரியர் இறந்துவிட்டார், இனி வாசகனே முக்கியம் என்று எழுதினார். நமது பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலருக்கு இது மிகவும் பிடிக்கும். சப்ஸியானிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒருநாளும் ஆசிரியராக இருக்க விடப்படாதவனுக்கு ஆசிரியரின் மரணத்தில் என்ன கிடைக்கப்போகிறது?

நமக்கு அதிகம் உதவுவது 1969இல் மிஷேல் ஃபூக்கோ ஆற்றிய உரை. பெயரில்லாமலே கதைகள் காலகாலமாக உலவின, நமது கிழக்கின் பெண்கள் பாடிய கவிகளைப் போல. அந்தக் கவிகளைக் கட்டியது யார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஃபூக்கோ சொன்ன முக்கியமான விஷயம், எழுதியவனைத் தண்டிக்கலாம் என்ற நிலை வந்தபோதுதான் புத்தகங்களுக்கு உண்மையில் ஆசிரியர் என்று ஒருவர் தேவைப்பட்டார் என்பது.

இதை விளங்கப்படுத்த நமக்கு பாரிஸ் வரை போகத் தேவையில்லை. மன்னார் மண்ணின் இளம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாஃப் ஜஸீம் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பை எழுதினார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தன் பெயரைப் போட்டுக் கவிதை எழுதியதற்கு இவ்வளவு வருடங்கள். "பேர் போட்டு ஒண்டும் எழுதிராத மகன்" என்று நமது உம்மாமார் சொல்வதை அதற்குப் பிறகு நாம் கோழைத்தனம் என்று சொல்வதை விட்டுவிட்டோம். பெயரில்லாத ஃபோர்வர்டுகளுக்குப் பின்னால் சோம்பல் மட்டும் இல்லை, பயமும் இருக்கிறது. 'பேரு போடாதீங்க சேர்' என்று அந்தப் பிள்ளை சொன்னதும் எங்கேயோ கேட்டுப் பழகிய பேச்சுத்தான்.

இமாம் கஸ்ஸாலியைப் பற்றி சுப்கீ பதிவு செய்த ஒரு சம்பவம் பலருக்கும் தெரிந்திருக்கும். ஜுர்ஜானில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பும்போது கொள்ளையர்கள் மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். கஸ்ஸாலி அவர்கள் பின்னாலேயே போய், என் குறிப்புகளை மட்டும் தாருங்கள், அதில்தான் நான் படித்ததெல்லாம் இருக்கிறது என்று கெஞ்சினார். கொள்ளையர் தலைவன் சிரித்தான். நாங்கள் எடுத்ததும் உன்னிடம் இல்லாமல் போகிறதென்றால் அது எப்படி உன் அறிவாகும் என்று கேட்டுவிட்டுப் பையைக் கொடுத்தானாம். ஊருக்கு வந்த கஸ்ஸாலி 3 வருடம் இருந்து அத்தனையையும் மனனம் செய்தார்.

ஜும்ஆ மேடைகளில் இந்தக் கதை இத்தோடு முடிந்துவிடும். ஆனால் அவர் வாழ்க்கை அத்தோடு முடியவில்லை. 1095இல், பக்தாத் நிஸாமிய்யாவின் பேராசிரியராகப் புகழின் உச்சியில் இருந்தபோது, பாடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. நான் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, பேருக்காகவா என்ற கேள்வி அவரைப் படுத்தியது. பதவியை விட்டு வெளியேறினார். பிறகு 'அல்முன்கித்' நூலில் இதையெல்லாம் ஒளிக்காமல் தானே எழுதினார்.

ஆகவே நாமும் ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு பேச்சுப் போட்டிக்கு ஒரு மாணவியை அனுப்பினோம். பேச்சு முழுவதும் நாம் எழுதியது. எங்கே கையை உயர்த்துவது, எங்கே குரலை இறக்குவது என்பதையும் நாமே பழக்கினோம். பிள்ளை பிசகாமல் ஒப்புவித்தாள். நடுவர் ஒருவர் அன்பாக, "விழுமியம், விழுமியம் எண்டு சொன்னீங்களே மகள், அப்படியெண்டா என்ன?" என்று கேட்டார். பிள்ளை நடுவரைப் பார்க்கவில்லை. மண்டபத்தின் பின்வரிசையில் இருந்த நம்மைப் பார்த்தாள். நாம் சட்டென்று ஃபோனைப் பார்த்தோம்.

முதலாம் இடம் கிடைத்தது. சான்றிதழோடு நிற்கும் படத்தை இதே பக்கத்தில் போட்டோம். உங்களில் பலர் மாஷா அல்லாஹ் சொன்னீர்கள். சப்ஸியான் மற்றவனின் பெயரை எடுத்துத் தன் முகத்தில் வைத்தார். நாம் நமது சொல்லை எடுத்து ஒரு பிள்ளையின் வாயில் வைத்தோம். தமிழில் நூலை எழுதியவரும் ஆசிரியர், வகுப்பில் நிற்பவரும் ஆசிரியர். ஒரே சொல்லாக இருப்பது நமக்கு வசதியாகப் போய்விட்டது.

உன்னுடைய சொல் மேடைக்கு உதவாது என்று அந்தப் பிள்ளைக்கு நாம் வாயால் சொல்லவில்லை. ஆனால் 11 கொப்பிகளில் வெள்ளைச் சேலைப் பாட்டி வந்து உட்கார்ந்ததற்கு ஃபோன் மட்டும் காரணம் என்றால் நம்ப முடியவில்லை. ஃபோன் வருவதற்கு முன்பே மாதிரிக் கட்டுரைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடமாக்கச் சொன்னவர்கள் நாம்தான்.

அந்த மகனைத் திரும்ப எழுதச் சொன்னோம். இரண்டாம் முறையும் ஏதோ புத்தக வாடை. மூன்றாம் முறை 9 வரிகள் வந்தன. மூத்தம்மா 4 மணிக்கு எழும்புவாவாம். இடியப்ப உரல் கிறீச் என்று கத்துமாம், அதனால் அவனுக்கு நித்திரை போகுமாம், அதில் அவனுக்குக் கோபமாம். மழை நாளில் விறகு எரியாவிட்டால் மூத்தம்மா யாரையோ ஏசுவாவாம், யாரை என்று தெரியாதாம். மிஞ்சிய இடியப்பத்தைத் தான் சாப்பிட்டுவிட்டுப் பசியில்லை என்று சொல்லுவாவாம். எழுத்துப் பிழைகள் 6. முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை.

நமது புள்ளித்திட்டப்படி இதற்கு 20க்கு 8 கொடுக்கலாம். கோலம் போட்ட பாட்டிக்கு 15 கிடைத்திருக்கும். என்ன போடுவது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. தவணைப் புள்ளி அடுத்த கிழமை கொடுக்க வேண்டும்.

நேற்று சுபஹுக்குப் பிறகு இடியப்பம் வாங்கப் போனோம். "எங்கட பேரன் என்னப் பத்தி எழுதினானாமே சேர், என்ன எழுதிருக்கான்?" என்று கேட்டார். ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தோம், வாசித்துக் காட்டினோம். உரலைப் பிழிந்துகொண்டே கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இடியப்பத்தைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஒண்டு மட்டும் பிழ சேர். நாலு மணிக்கில்ல, மூணரைக்கி எழும்புற."