டெல்லிச் சுற்றுலாவில் விடுபடும் முகவரி

டெல்லிக்குக் கல்விச் சுற்றுலா என்றால் செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், ராஜ்காட் என்று பட்டியல் நீளும். நாம் பார்த்த பட்டியல்களில் 26, அலிப்பூர் சாலை இருந்ததில்லை. சட்ட அமைச்சர் பதவியைத் துறந்த பிறகு பாபாசாகேப் அம்பேத்கர் வாழ்ந்த இடம் அது. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்காக அவர் உழைத்ததும், 1956 டிசம்பர் 6 அன்று உயிர் நீத்ததும் அங்கேதான்.

காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட பிர்லா இல்லம் 1973-லேயே மக்களுக்குத் திறக்கப்பட்டது. அலிப்பூர் சாலையில் திறந்த புத்தக வடிவில் இன்று நிற்கும் நினைவகம் 2018 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. ஒருவர் நாட்டுக்கே தலைவர், இன்னொருவர் ‘அவர்களுடைய’ தலைவர் என்ற எண்ணம் இல்லாமல் இவ்வளவு தாமதம் வருமா? நம் ஊரில் அவர் சிலையைக் கூண்டுக்குள் நிறுத்துவதும், அங்கே அவர் வீட்டைப் பட்டியலில் விடுவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

தூரத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. செங்கோட்டையைப் பார்த்துவிட்டு சாந்தினி சௌக்கில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிலையம் சிவில் லைன்ஸ். அங்கிருந்து நினைவகம் பக்கம்தான்.

தோழர்களே, அடுத்த முறை நம் கல்லூரியில் பயணத் திட்டம் போடும்போதே இந்த முகவரியை எழுதிக் கொடுப்போம். சேர்க்க மறுத்தால், காரணத்தையும் எழுத்தில் கேட்போம்.